மெயிலின் கடைசி வரியில் ஒரே ஒரு கேள்வி

விற்பனை மெயில் எழுதும்போது சப்ஜெக்ட் வரிக்காக மண்டையை உடைத்துக்கொள்கிறோம். கடைசி வரி மட்டும் பழக்க தோஷத்தில் தானாக வந்து விழுகிறது: "ஏதேனும் சந்தேகம் இருந்தால் தயங்காமல் தொடர்பு கொள்ளவும்." மரியாதையான வரிதான், ஆனால் அதில் கேள்வியே இல்லையே! சந்தேகம் இல்லாதவர் பதில் போடத் தேவையில்லை. இருப்பவரோ அதை யோசித்து, கோர்வையாக எழுத வேண்டும். வேலையை அவர் தலையில் கட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

முடிவில் ஒரே கேள்வி வையுங்கள். போனில் கட்டைவிரலால் ஒரு வார்த்தை தட்டினால் பதிலாகிவிட வேண்டும்.

பில்லிங் சாஃப்ட்வேர் விற்கிறீர்கள், எதிரில் இருப்பவர் ஆர்வம் காட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். "வெப்சைட்டைப் பாருங்கள், இணைத்துள்ள பிரோஷரைப் படியுங்கள், வசதியான நேரம் சொன்னால் டெமோ காட்டுகிறோம்" என்று முடித்தால் அவருக்கு மூன்று வேலை. அப்புறம் பார்க்கலாம் என்று மூடிவிடுவார். அதையே இப்படி முடிக்கலாம்: "ரிட்டர்ன் பில் போடுவதை 15 நிமிடத்தில் காட்டிவிடலாம். செவ்வாய் காலை 11 மணி சரிப்படுமா, புதன் மாலை 4 மணியா?" அவர் வேறு நாட்டில் இருந்தால் அவர் ஊர் நேரத்தையே எழுதுங்கள். கணக்குப் போடும் வேலை நம்முடையது.

முதல் மெயிலிலேயே நேரம் கேட்பது அவசரம். "இந்தச் சிக்கல் உங்களிடமும் இருக்கிறதா?" என்பது போதும். கொட்டேஷன் அனுப்பிய பிறகு "பார்த்தீர்களா?" என்று கேட்டால் "பார்க்கிறேன்" என்றுதான் வரும். "நீங்கள் சரி என்றால் போதுமா, அக்கவுண்ட்ஸிலும் பார்க்க வேண்டுமா?" என்று கேளுங்கள். விஷயம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். மூன்று நினைவூட்டலுக்கும் பதில் இல்லையா? "இப்போது தேவையில்லை என்றால் 'வேண்டாம்' என்று மட்டும் எழுதுங்கள், இதோடு நிறுத்திக்கொள்கிறேன்" என்று எழுதி, பதில் வராவிட்டாலும் உண்மையாகவே நிறுத்திவிடுங்கள். சொன்ன பிறகும் அனுப்பினால் அடுத்து எதை எழுதினாலும் நம்ப மாட்டார்.

கேள்வியைத் தனிப் பத்தியாக, நன்றிக்கு நேர் மேலே வையுங்கள். அதற்குக் கீழே பின்குறிப்பு போட்டு இன்னொரு லிங்க் கொடுத்தால் கேள்வி அடிபட்டுப் போகும்.

'நன்றி'யா, 'அன்புடன்'னா என்ற குழப்பத்துக்கு ஒரு தரவு உண்டு. மெயில் கருவி தயாரிக்கும் பூமராங் நிறுவனம் 2017-இல் 3,50,000-க்கும் மேற்பட்ட ஆங்கில மெயில் உரையாடல்களை அலசியபோது, நன்றி சொல்லி முடித்தவற்றுக்கே அதிகம் பதில் வந்திருந்தது. அவை விற்பனை மெயில்கள் அல்ல, அவற்றில் பலவும் உதவி கேட்டு எழுதியவை. அதனால் அதே பலனை அப்படியே எதிர்பார்க்க முடியாது. இருந்தாலும் 'நன்றி' போடுவதில் நஷ்டமில்லை. 'முன்கூட்டியே நன்றி' மட்டும் அறிமுகமில்லாதவரிடம் வேண்டாம், சம்மதிக்காததைச் சம்மதித்ததாக எடுத்துக்கொள்வது போல இருக்கும்.

கையொப்பத்தில் பெயர், பொறுப்பு, ஒரு போன் நம்பர் இருந்தால் போதும். அந்த நம்பரை லோகோ படத்துக்குள் வைக்காமல் எழுத்தாகவே தட்டச்சு செய்யுங்கள். அவுட்லுக் போன்ற மெயில் ஆப்கள் வெளியிலிருந்து வரும் படங்களை முதலில் தடுத்துவிடுவதால், கூப்பிட நினைப்பவருக்கு அங்கே வெறும் கட்டம்தான் தெரியும்.