கசிவை முதலில் கண்ணால் பாருங்கள்

எங்கள் 2004 மாருதி 800-இல் ரேடியேட்டர் நீர் குறைந்துகொண்டே போகிறது என்று தெரிந்ததும், தெருவில் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். பக்கத்து வீட்டு மாமா வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவர். "அம்மிணி, ரேடியேட்டரில் ஒரு பிடி மஞ்சள் தூளைப் போட்டுவிடு, தானாக அடைத்துக்கொள்ளும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நடுக்காட்டில் ஒழுகி நின்ற லாரியை ஊர் கொண்டுவந்து சேர்க்க மஞ்சள் தூள் எத்தனையோ ஓட்டுநர்களுக்குக் கைகொடுத்திருக்கிறது. ஆனால் ஓட்டையை அடைக்கும் அதே தூள், ரேடியேட்டருக்குள் இருக்கும் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். கடையில் புட்டியில் கிடைக்கும் கசிவடைப்பு மருந்துகளிலும் இந்த ஆபத்து உண்டு. வழியில் நின்றுவிட்டவருக்கு அது சரி. வீட்டு வாசலில் வண்டியும் கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருப்பவர் அதைச் செய்யவே கூடாது.

இதில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருக்கக் காரணம் திம்பம் மலைப்பாதை. அக்கா வீடு தாளவாடியில். ஈரோட்டிலிருந்து அங்கே போக, பண்ணாரியைத் தாண்டி 27 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். முதல் கியரிலும் இரண்டாவதிலும் ஊர்ந்து ஏறும்போது இன்ஜினுக்கு வேலை அதிகம், முன்னால் மோதும் காற்றோ குறைவு. சமவெளியில் தெரியாத குறை அந்த ஏற்றத்தில் வெளியே வந்துவிடும். மேலே ஒரு லாரி பழுதாகி நின்றால் நம் வண்டியும் அதன் பின்னால் நிற்க வேண்டும். அங்கே போய் வெப்பமானியின் முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்கு மனமில்லை.

எங்கள் வண்டியின் சிக்கல், தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை என்பது. ஒழுகும் நீர் சூடான இன்ஜின் மேலேயே வழிந்து ஆவியாகிவிட்டால் கீழே தடயம் இருக்காது. இதற்கு நேர்மாறாக, ஏ.சி. ஓடிய வண்டியின் அடியில் நீர் தேங்கியிருப்பதைப் பார்த்துப் பயப்படுபவர்களும் உண்டு. அது காற்றிலிருந்து வடிந்த வெறும் நீர். விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும்: ரேடியேட்டர் நீரில் கலக்கும் கூலன்ட் வழுவழுப்பாக இருக்கும், நிறமும் இருக்கும்.

கூலன்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். அதன் சுவை இனிப்பு, ஆனால் அது நஞ்சு. நக்கும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். ஆகவே வடிப்பதைப் பழைய பேசினில் பிடித்து மூடி வையுங்கள். சாக்கடையில் ஊற்றாதீர்கள். எங்கள் தெருவில் திரியும் நாய்கள் எல்லாம் யாரோ ஒருவர் சோறு வைத்து வளர்ப்பவைதான்.

நான் முதலில் பார்த்தது ரேடியேட்டர் மூடியை. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே அதைத் திறக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுப்பே இல்லை. எங்கள் மூடியின் மேல் 0.9 என்று பொறித்திருக்கிறது. உள்ளே அந்த அளவு அழுத்தத்தை அது பிடித்து வைப்பதால்தான், 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய நீர் சுமார் 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கிறது. சூட்டோடு திறந்தால் அழுத்தம் போய், அத்தனை நீரும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். மூடியின் ரப்பர் விறைத்துப்போனால், சூட்டில் ரிசர்வ் டப்பாவுக்குப் போன நீர் ஆறும்போது திரும்பி வராது. கசிவே இல்லாமல் மட்டம் குறைவதற்கு இது ஒரு காரணம். எங்கள் மூடியின் ரப்பர் மிருதுவாகவே இருந்தது.

பிறகு வாட்டர் பம்ப். அதன் தண்டுக்கு அடியில் ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் நீர் பேரிங்குக்குள் போகாமல் அந்தத் துளை வழியாக வெளியே வரட்டும் என்றே வைத்தது. அங்கே ஈரமோ காய்ந்த கறையோ இருந்தால் பம்பை மாற்றுவதுதான் வழி. துளையை எதையாவது வைத்து அடைப்பது பேரிங்கைக் கொல்வதற்குச் சமம். எங்கள் பம்ப் காய்ந்து சுத்தமாக இருந்தது.

கடைசியில் கசிவைக் காட்டிக் கொடுத்தது முகப்பவுடர். ஆறிய இன்ஜினைத் துணியால் துடைத்து, நன்கு காயவிட்டு, ஹோஸ் இணைப்புகள் மேலெல்லாம் பவுடரைத் தூவினேன். பெல்ட் பக்கம் மட்டும் தூவவில்லை. பிறகு இன்ஜினை ஓடவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன். ஃபேன் தானாகச் சுழலத் தொடங்கிய சற்று நேரத்தில், ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சூடேறினால் திறக்கும் தெர்மோஸ்டாட் வால்வின் மூடியோடு சேரும் இடத்தில் வெள்ளைப் பவுடரின் நடுவே ஒரு நூல் அளவுக்கு ஈரக்கோடு இறங்கியது. அது இன்ஜின் பக்கவாட்டில் வழிந்து கீழ் ஹோஸ் வரை போயிற்று. அழுக்கு இன்ஜினில் பார்த்திருந்தால் கீழ் ஹோஸைத்தான் குற்றவாளி என்றிருப்போம்.

அடுத்த நாள் ஹோஸைக் கழற்றினேன். அதைப் பிடித்திருந்த திருகுக் கிளிப்பை யாரோ பலம்கொண்ட மட்டும் முறுக்கியிருக்கிறார்கள். ரப்பரில் கிளிப்பின் பற்கள் வெட்டிய தடம் இருந்தது. அதைவிட மோசம் உள்ளே. தெர்மோஸ்டாட் மூடியின் அலுமினியக் கழுத்தைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பொருக்குத் தட்டியிருந்தது. நகத்தால் சுரண்டியதும் உதிர்ந்தது. அடியில் அம்மைத் தழும்பு போலக் குழிகள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். மேலோட்டமான குழிகள் மறைந்தன, இரண்டு மூன்று ஆழமாகவே நின்றன. ரப்பர் எவ்வளவு இறுகப் பிடித்தாலும் அந்தக் குழிகளின் வழியே நீர் ஊர்ந்து வந்துவிடும். கிளிப்பை முறுக்கியவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, ஏனென்றால் அவர் ஹோஸைக் கழற்றவே இல்லை.

தெர்மோஸ்டாட் மூடியையே மாற்ற முடிவு செய்தேன். அதன் போல்ட்டுகளுக்கு முந்தின இரவே துருநீக்கி எண்ணெய் விட்டு வைத்தேன். அலுமினியத்தில் பல காலம் உட்கார்ந்திருக்கும் போல்ட் அவசரப்பட்டால் முறிந்துவிடும், முறிந்தால் லேத்துப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். காலையில் இரண்டும் நல்லபடியாக வந்தன. மூடியைத் தூக்கினால், உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. எப்போதோ ஒரு பட்டறையில் எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

நம் ஊரில் இது பரவலான பழக்கம். "நம்ம வெயிலுக்கு அது தேவையில்லை" என்பார்கள். தேவை. இன்ஜின் தன் சூட்டுக்கு வரும் வரை நீரை ரேடியேட்டருக்குப் போகாமல் தடுப்பது அதன் வேலை. அது இல்லாவிட்டால் காலையில் இன்ஜின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டர் தேய்மானமும் கூடும். புதியது ஒன்று வாங்கி, பொருத்துவதற்கு முன் அடுப்பில் நீர் வைத்து நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சோதித்தேன். அதில் பொறித்திருந்த 82 டிகிரியை ஒட்டி வால்வு மெல்ல வாய் திறந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் திருப்தி.

மூடிக்கு அடியில் ஒட்டியிருந்த பழைய பேக்கிங் தாளைப் பிளேடால் சுரண்டி எடுப்பதுதான் அதிக நேரம் பிடித்த வேலை. துளி ஒட்டியிருந்தாலும் அங்கே மறுபடி கசியும். புதிய மூடி, புதிய பேக்கிங், புதிய மேல் ஹோஸ், புதிய கிளிப். போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன்.

நீர் விஷயத்தில் யாரும் சிக்கனம் பார்க்காதீர்கள். எங்கள் வீட்டு ஆழ்குழாய் நீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படலம் தட்டும். அதே படலம்தான் இன்ஜினுக்குள்ளும் படியும். பேட்டரிக்கு ஊற்றும் வாலைவடிநீரும் கூலன்டும் சரிபாதி கலந்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து மெதுவாக ஊற்றினேன். இன்ஜின் ஓட ஓடக் குமிழிகள் வந்து மட்டம் இறங்கும், திரும்ப ஊற்ற வேண்டும். மேல் ஹோஸ் கைக்குச் சுட ஆரம்பித்தால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று பொருள். குமிழிகள் நிற்காமல் வந்துகொண்டே இருந்தாலோ, ஆயில் பால் போல வெளுத்திருந்தாலோ, புகைபோக்கியில் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை வந்தாலோ, இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் பேக்கிங்கான ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று பொருள். அதை வாசலில் வைத்துச் சரிசெய்ய முடியாது, நல்ல மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

வண்டி ஒருமுறை நன்றாகச் சூடேறி ஆறிய பிறகு கிளிப்பை இன்னொரு கால் சுற்று இறுக்கினேன். புதிய ரப்பர் சூட்டில் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். கீழ் ஹோஸ் இன்னும் ஒழுகவில்லை, ஆனால் கழற்றிய மேல் ஹோஸின் வயதுதான் அதற்கும். அழுத்தினால் உள்ளே மொறுமொறுவென்று வெடிக்கும் உணர்வு தெரிகிறது. சித்திரையில் தாளவாடிக்குப் போவதற்குள் அதையும் மாற்றிவிடுவேன்.