அண்ணன் விட்டுப்போன ஃபைல்கள்

ஓர் ஊழியர் இறந்துவிட்டால் அலுவலகம் செய்கிற வேலைகள் ரொம்பக் கச்சிதமாக நடக்கும். முதலில் இரங்கல் மின்னஞ்சல் வரும். அப்புறம் லாகினை முடக்குவார்கள். அடையாள அட்டையைத் திரும்ப வாங்க ஒருவர், மேசையைக் காலி செய்ய ஒருவர், பாக்கி வேலையை எடுத்துக்கொள்ள ஒருவர். எங்கள் கணக்குப் பிரிவில் அண்ணன் இறந்தபோது அந்த மூன்றாவது ஆள் நான்.

அண்ணன் என்பது சாப்பாட்டு இடைவேளைக்கு மட்டும். மற்ற நேரமெல்லாம் சார்தான். மதியம் மீட்டிங் அறை காலியாக இருந்தால் நாங்கள் நாலைந்து பேர் வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதத்தை வாசித்து, ஜெபித்துவிட்டுக் கலைவோம். ஆளுக்கொரு சபை. ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் சண்டைதான் வரும், ஆகவே யாரும் எடுப்பதில்லை. அண்ணனுடைய ஜெபம் நீளவே நீளாது. கடிகாரத்தைப் பார்த்து ஆமென் சொல்லிவிடுவார். “இது கம்பெனி நேரம், தம்பி. ஆண்டவருக்கும் அது தெரியும்” என்பார்.

மாரடைப்பு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் “திங்கக்கிழமை பார்க்கலாம்” என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவர்.

அடக்க ஆராதனையில் என் காதில் விழுந்த ஆறுதல்களில் பாதி எனக்கு ஒட்டவில்லை. “அழாதீங்க, அவர் கர்த்தரோட இருக்கார்.” “நாமே அழுதா நம்ம சாட்சி என்னாவது?” சொன்னவர்கள் எல்லோருமே நல்ல மனிதர்கள். ஆனால் வேதாகமத்தில் அப்படி இல்லை. விசுவாசத்துக்காகக் கல்லெறியப்பட்ட ஸ்தேவான் சாகும்போது வானம் திறந்திருப்பதையும், இயேசு தேவனுடைய வலதுபாரிசத்தில் நிற்பதையும் கண்டார். அவர் எங்கே போனார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்க முடியாது. அப்படியிருந்தும், தேவபக்தியுள்ள மனுஷர் அவரை அடக்கம்பண்ணி, அவருக்காக மிகவும் துக்கங்கொண்டாடினார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 8-ஆம் அதிகாரம் சொல்கிறது. பக்தி குறைந்தவர்கள் அழுதார்கள் என்று அங்கே எழுதியிருக்கவில்லை.

இதே கேள்வி அலுவலகத்திலும் வந்தது, வேறு பக்கத்திலிருந்து. பக்கத்து இருக்கை நண்பர் விசுவாசி அல்ல. நான் கணினியைப் பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டார்: “உங்களுக்குத்தான் உயிர்த்தெழுதல் உண்டே, அப்புறம் ஏன் இப்படி உடைஞ்சு போறீங்க?” அதில் கிண்டல் இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் லாசருவின் கதையைச் சொன்னேன். இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறேன் என்று தெரிந்தே வந்தவர் இயேசு. “நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்” என்று லாசருவின் சகோதரி மார்த்தாளிடம் சொல்லியும் ஆயிற்று. அதற்குப் பிறகுதான், இன்னொரு சகோதரி மரியாள் அழுவதைக் கண்டு, கல்லறைக்குப் போகிற வழியில் அவர் கண்ணீர் விட்டார். சில நிமிடத்தில் சரியாகிவிடப்போகிற விஷயத்துக்கு அவரே அழுதிருக்கிறார். அப்படியிருக்க, எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்று தெரியாத நாங்கள் அழுவதில் என்ன தப்பு? நண்பர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “சரி, அது நியாயம்தான்” என்றார்.

மரணத்தை நண்பனாக்கிப் பேசுவதும் எனக்குச் சரியாகப் படுவதில்லை. அப்போஸ்தலன் பவுல் அதைக் கடைசிச் சத்துரு என்கிறார். சத்துரு வந்து அடித்துவிட்டுப் போயிருக்கிறான், அவன் அழிக்கப்படும் நாள் ஒன்று வரும். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் எனக்கு ஆறுதலாக இருக்கிறது. ஒன்றை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் மனம் ஏற்பதில்லை.

அண்ணனுடைய ஃபைல்களைத் திறந்தேன். எல்லாம் கணினிக்குப் போன பிறகும் அவர் வவுச்சர்களை அச்செடுத்துப் பென்சிலால் டிக் போடுவார். சரிபார்த்ததற்கு ஒரு டிக், இரண்டாம் முறை பார்த்ததற்கு அதன் மேலேயே குறுக்காக ஒரு கோடு. தொகை ஒத்துப்போகாத இடத்தில் ஓரத்தில் பொடி எழுத்தில் காரணம் இருக்கும்: ‘இவர்கள் எப்போதும் இரண்டு பில்லைச் சேர்த்து அனுப்புவார்கள், கோபப்படாமல் பிரித்துக் கேட்கவும்.’ யாருக்காக அந்தக் குறிப்பை எழுதினார் என்று தெரியவில்லை. ஒருவேளை தனக்காகவே இருக்கலாம். அதைப் படித்த அன்று நான் அந்த வாடிக்கையாளருக்கு எழுதிய மின்னஞ்சல் வழக்கத்தைவிடத் தணிவாக இருந்தது.

அந்த நாட்களில் பவுல் தெசலோனிக்கே சபைக்கு எழுதின முதலாம் நிருபத்தை, அதாவது கடிதத்தை, திரும்பத் திரும்ப வாசித்தேன். கி.பி. 50-ஐ ஒட்டி எழுதப்பட்டது, பவுலின் மிகப் பழைய நிருபங்களில் ஒன்று. கர்த்தர் வருவதற்குள் மரித்துப்போனவர்களின் கதி என்ன என்று அந்தச் சபையார் கலங்கியிருந்தார்கள். துக்கப்படவே வேண்டாம் என்று பவுல் எழுதவில்லை. நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறார். கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள், அப்புறம்தான் உயிரோடிருக்கிறவர்கள். போனவர்கள் எதையும் இழந்துவிடவில்லை.

ஆனால் என்னை நிறுத்தியது அதற்குச் சற்று மேலே இருந்த வசனம். 4-ஆம் அதிகாரத்தின் 13-ஆம் வசனத்தில் மரித்தவர்களைப் பற்றிய பேச்சு தொடங்குகிறது. 11-ஆம் வசனத்தில் சொந்த அலுவல்களைப் பார்க்கவும் சொந்தக் கைகளால் வேலைசெய்யவும் சொல்கிறார். நடுவில் ஒரே ஒரு வசனம். கூடாரம் பண்ணிப் பிழைத்த மனிதர் எழுதியது, எனக்கு இது இயல்பாகத்தான் தெரிகிறது. உயிர்த்தெழுதலைப் பற்றி அவர் கொரிந்தியருக்கு எழுதிய நீண்ட 15-ஆம் அதிகாரமும் வேலையில்தான் போய் முடிகிறது: கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராது, வீணாகாது. பிரசங்கிகளுக்கான வசனம் என்றே இத்தனை நாள் கேட்டு வந்தேன். பென்சில் டிக் போட்ட ஒரு கணக்கருக்கும் இது பொருந்தும் என்று இப்போது நம்புகிறேன்.

அண்ணனுக்குச் சேரவேண்டிய பணத்துக்கான படிவங்களை எடுத்துக்கொண்டு, நாங்கள் அக்கா என்று அழைக்கும் அவர் மனைவியைப் பார்க்கப் போனோம். ஜெபக்குழுவில் இரண்டு பேர் வந்தார்கள், பக்கத்து இருக்கை நண்பரும் தானாகவே வந்தார். என்ன வசனம் சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன். அதற்கு அவசியமே வரவில்லை. அக்கா கேட்டது ஒன்றுதான்: “ஆபீஸ்ல அவர் எப்படி இருப்பார்? வீட்ல வேலையைப் பத்திப் பேசவே மாட்டார்.”

யோப்பா பட்டணத்தில் தொற்காள் இறந்தபோது, அவள் தைத்துக்கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் விதவைகள் அழுதுகொண்டே பேதுருவிடம் காட்டினார்கள். கிட்டத்தட்ட அதைத்தான் அன்று நாங்களும் செய்தோம். நான் அந்த ஓரக் குறிப்பைச் சொன்னேன். இன்னொருவர் ‘கம்பெனி நேரம்’ ஆமெனை அவர் குரலிலேயே சொல்லிக்காட்ட, அக்கா வாய்விட்டுச் சிரித்தார். நண்பர் சொன்னது எங்கள் யாருக்கும் தெரியாதது. அவருடைய அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த மாதம், அவர் பங்குக் கணக்கையும் அண்ணனே முடித்துக் கொடுத்து, அறிக்கையில் நண்பரின் பெயரையே போட்டிருக்கிறார். அக்கா அழுதார். “இன்னொரு தடவை சொல்லுங்க” என்றார். நண்பர் சொன்னார்.

பிறகு எல்லோரும் சேர்ந்து ஜெபித்தோம். நண்பரும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். கிளம்பி வெளியே வந்த பிறகுதான் பார்த்தோம், கையெழுத்து வாங்க வேண்டிய படிவங்கள் பைக்குள்ளேயே இருந்தன. அதற்காக மறுவாரம் இன்னொரு தடவை போனோம்.