ஓடாத காருக்கு ஒரு வருஷம்

கோட்டைக்குள் ராஜா இல்லை, ஆற்றில் தண்ணீர் இல்லை என்று எங்கள் வேலூரைப் பற்றி ஊரே சொல்லும். அந்த வரிசையில் காட்பாடியில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் ஓடாத காரையும் சேர்த்துக்கொள்ளலாம். 2012ல் அப்பா ரிட்டயர் ஆன பணத்தில் வாங்கிய மாருதி 800. அப்பா கணக்கு வாத்தியார். கார் ஓட்டினால் பெட்ரோல் செலவாகும் என்ற கணக்கு வாங்கிய மறுமாதமே அவருக்குப் புரிந்துவிட்டது.

போன மாசம் ஆரணியில் சொந்தக்காரக் கல்யாணம். "பஸ்ஸெல்லாம் வேணாம், வண்டியை எடு" என்றார் அப்பா. கவரை உருவினேன். வேலூர் வெயிலில் வெந்து, தொட்ட இடமெல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்கியது. பானெட்டைத் திறந்தால் ஒரு எலிக்குடும்பம் ஏதோ கல்யாணப் பத்திரிகையைக் கடித்துக் குதறி மெத்தை போட்டிருந்தது. பேட்டரி காலி. இதெல்லாம் மெக்கானிக் பாடு. இன்சூரன்ஸ் முடிந்து எட்டு மாசம் ஆகியிருந்தது, அதுதான் என் பாடு.

அப்பா விடவில்லை. "ஒரு நாள் கல்யாணத்துக்கு எதுக்குப்பா ஒரு வருஷ இன்சூரன்ஸ்? பத்து நாளைக்கு மட்டும் போட்டுக் குடுக்கச் சொல்லு."

ஏஜென்ட் அண்ணன் வீட்டுக்கே வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு காபியைக் கீழே வைத்தார். "இன்னா சார், இது கல்யாண மண்டபமா, ரெண்டு நாளைக்கு வாடகைக்கு எடுக்க? நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு அடிபட்டா குடுக்கிற தர்ட் பார்ட்டி மட்டும் போட்டாலும் ஒரு வருஷம்தான். ஆயிரம் சிசிக்குள்ள வண்டி, 2,094 ரூபா. ஜிஎஸ்டி சேத்தா 2,471."

"ஓட்டுற கிலோமீட்டருக்கு மட்டும் கட்டுற பாலிசி வந்திருக்காமே?" என்று நான் என் பொது அறிவைக் காட்டினேன்.

"2022ல வந்துது. ஆனா அது நம்ம வண்டி அடிபட்டா கிடைக்கிற பாலிசிக்குத்தான் தம்பி. தர்ட் பார்ட்டிக்குக் கிடையாது."

அப்பா அடுத்த கேள்விக்குத் தாவினார். "பதிமூணு வருஷமா ஒரு கீறல் இல்லாம வெச்சிருக்கேன். அதுக்கு போனஸ் உண்டே?" வாசலிலேயே நின்றால் கீறல் எங்கிருந்து வரும் என்று ஏஜென்ட் கேட்கவில்லை. பெரிய மனுஷன். பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் அந்த போனஸ் போய்விடும், அதுவும் தர்ட் பார்ட்டிக்குக் கிடையவே கிடையாது என்று மட்டும் சொன்னார்.

அப்பா என் பழைய நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டார். "இன்சூரன்ஸ் இல்லாம மாட்டினா அபராதம் எவ்வளவு?"

"மொத தடவை 2,000. அடுத்த தடவை 4,000."

"அப்போ மாட்டினாலும் 471 ரூபா மிச்சம்!"

ஏஜென்டுக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார். "மூணு மாசம் வரைக்கும் ஜெயிலும் சட்டத்துல இருக்கு சார். அது கெடக்கட்டும். யாராவது அடிபட்டா நஷ்ட ஈட்டை நம்ம கையிலேருந்துதான் கட்டணும். இந்த வீடு யார் பேர்ல இருக்கு?"

வீடு அம்மா பேரில் இருக்கிறது. உள்ளே பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது.

"சரி, ரோடு டாக்ஸ்?" என்றார் அப்பா, சுருதி இறங்கி.

"ஆயுள் வரி வாங்கும்போதே கட்டியாச்சே சார்."

"யாரோட ஆயுள்?"

"வண்டியோடதுதான். ஆனா 2027ல பதினைஞ்சு வருஷம் முடியுது. அப்போ ஆர்சி, அதான் வண்டியோட பதிவு, புதுப்பிக்க 5,000, பசுமை வரி தனி."

புகைச் சான்றிதழ் ஆறு மாசத்துக்குத்தான் என்றதும் அப்பா வாய் விட்டே சொன்னார்: "புகைக்கு ஆறு மாசம், இன்சூரன்ஸுக்கு ஒரு வருஷம், வரிக்கு ஆயுசு. நான் ஓட்டப்போறது எண்பது கிலோமீட்டர்."

பணம் கட்டினோம். கல்யாணத்துக்குப் போய் வந்தோம். வழியில் ஒரு போலீஸ்காரர்கூட நிறுத்தவில்லை என்பதில் அப்பாவுக்கு இன்றுவரை வருத்தம்.

மறுநாள் சமையலறைக் காலண்டரில் பென்சிலால் எழுதியிருந்தார்: 2,471 ÷ 365 = ரூ. 6.77. வண்டி எடுக்காத நாளில் சாப்பிடும்போது "இன்னைக்கு ஆறே முக்கால் ரூபா போச்சு" என்பார். அந்த ஆறே முக்கால் ரூபாயைக் காப்பாற்றப் போன வாரம் இலவம்பாடி வரை ஓட்டிப் போய், பத்து கிலோ முள்ளுக் கத்தரிக்காய் வாங்கி வந்தார். பெட்ரோல் 500 ரூபாய்.

கத்தரிக்காய்க் கொத்சு, கத்தரிக்காய்க் காரக்குழம்பு, கத்தரிக்காய் வறுவல் எல்லாம் முடிந்துவிட்டன. இன்னும் நாலு கிலோ இருக்கிறது. காலையில் அம்மா கார் சாவியை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடியதை நான் பார்த்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை.