பதினைந்து வயதுக் குரல்

இளையோருக்கான நாவல் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒரு வரிகூட அச்சில் வரவில்லை. ஆனாலும் யார் கேட்டாலும் நாவல் எழுதுகிறேன் என்றுதான் சொல்கிறேன், தயக்கமே இல்லாமல்.

எழுதாத நேரமெல்லாம் இந்த வகைக் கதைகளைப் படிப்பதிலேயே போகிறது. முதல் வாசிப்பு கதைக்காக, அடுத்தது பென்சிலோடு. பெரியவர்கள் எந்த இடத்தில் கதையிலிருந்து ஒதுங்கிக்கொள்கிறார்கள் என்று பார்ப்பேன். நல்ல இளையோர் நாவலில் அம்மா அப்பா வந்து பிரச்சினையைத் தீர்த்துவைப்பதில்லை. முடிவை அந்தப் பிள்ளையேதான் எடுக்கும்.

அமெரிக்க எழுத்தாளர் எஸ்.இ. ஹின்டன் 'தி அவுட்சைடர்ஸ்' என்ற இளையோர் நாவலை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 15. அது 1967இல் வெளிவந்தபோது 18. அதனால்தானோ என்னவோ, அதில் அறிவுரை வாடையே இல்லை. அந்த வயதைத் தாண்டிவிட்ட நான் நினைவைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

நேற்று எழுதிய காட்சியில் நாயகியின் தோழி பேச்சை நிறுத்திவிடுகிறாள். 'மனம் உடைந்துபோனாள்' என்று எழுதினால் ஒரே வரியில் வேலை முடிந்துவிடும். ஆனால் அந்த வயதுப் பெண் என்ன செய்வாள்? அனுப்பிய செய்தியில் நீல டிக் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பாள். விழுந்திருக்கும். பதில் இருக்காது. போனைக் கவிழ்த்து வைப்பாள், உடனே மறுபடி எடுப்பாள். இதை எழுதிய பிறகுதான் காட்சி நகர்ந்தது.

இதையெல்லாம் சின்னப்பிள்ளைச் சமாச்சாரம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. நட்பு முதன்முதலில் முறிவதும் அந்த வயதில்தானே!

சரி, அடுத்த அத்தியாயம் காத்திருக்கிறது. அந்த வயதில் நீங்கள் விழுந்து விழுந்து படித்த நாவல் எது? சொல்லுங்கள், தேடிப் படிக்கிறேன்.