கிளார்க் கென்டின் முதுகு

2013 ஜனவரியில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து விமான நிலையத்தில் எங்களை முதலில் வரவேற்றவன் சூப்பர்மேன்தான், சிலை வடிவில். அவன் இந்த ஊர்ப் பிள்ளை என்பது எனக்கு அப்போது தெரியாது. குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகளான ஜெரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் இங்கே பள்ளித் தோழர்கள்; அவர்கள் படைத்த சூப்பர்மேன் 1938இல் அச்சேறினான். வேறு கிரகத்திலிருந்து வந்து, கிளார்க் கென்ட் என்று வேறு பெயர் பெற்று, கண்ணாடி மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவன். பறப்பதை விட்டுவிட்டால் நம்மில் ஒருவன்.

அந்த ஜூனில் ஹென்றி கேவில் நடித்த சூப்பர்மேன் படம் வந்தது. நான், வேலை விசாவில் வந்தவரின் மனைவிக்குத் தரும் எச்-4 விசாவில் இருந்தேன். ஏழு ஆண்டு கணக்காளராக இருந்தவளுக்கு, இங்கே சம்பளத்துக்கு ஒரு கூட்டல் போடக்கூட அனுமதி இல்லை. படத்தில் வளர்ப்புத் தந்தை, சக்தியை வெளியே காட்டாதே என்று மகனைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறார். சூறாவளியில் சிக்கியபோதும், காப்பாற்ற வராதே என்று கையை உயர்த்தித் தடுத்துவிட்டுச் சாகிறார். மற்றவர்கள் இறுதிச் சண்டையில் இடிந்த கட்டடங்களைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு அந்தக் கைதான் கண்ணிலேயே நின்றது.

2015இல் விதி மாறியது. கணவரின் பச்சை அட்டை மனு ஒரு படி தாண்டியிருந்ததால் எனக்கும் வேலை செய்ய அனுமதி கிடைத்தது. அலுவலகத்தில் முதல் வாரமே என் பெயரைப் பாதியாக வெட்டினார்கள். நானும் தலையாட்டினேன்.

அதன் பிறகுதான் நூலகத்திலிருந்து 1978ஆம் ஆண்டு சூப்பர்மேன் படத்தை எடுத்து வந்தேன். 1948இல் வந்த தொடரில் அவன் பறப்பதைக் கார்ட்டூனாக வரைந்து சேர்த்திருந்தார்கள், 1978இல் மனிதனே பறப்பதாக நம்பவைத்தார்கள். ஆனால் படத்தின் பெரிய வித்தை தரையில், கிளார்க்கோடு வேலை பார்க்கும் நிருபர் லோயிஸின் வீட்டில் நடக்கிறது. அவள் உள்ளே போனதும், கிளார்க்காக நடிக்கும் கிறிஸ்டோபர் ரீவ் கண்ணாடியைக் கழற்றுகிறார். முதுகு நிமிர்கிறது, தோள் விரிகிறது, குரல் கனக்கிறது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தவர், தயங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி கூனிப்போகிறார். வேறு உடை இல்லை, தந்திரக் காட்சி இல்லை. நான்கு முறை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஐந்தாவது முறை, பக்கத்திலிருந்த ஆறு வயது மகள் சொன்னாள்: "அம்மா, ஆபீஸ் போன் வந்தால் நீங்களும் இப்படித்தான்."

2025இல் வந்த சூப்பர்மேன் படத்தின் சில காட்சிகளை முந்தைய கோடையில் இங்கேயே எடுத்தார்கள். 2013இல் கழற்றிப்போட்ட சிவப்பு ஜட்டி திரும்பியிருந்தது. டேவிட் கோரன்ஸ்வெட்டின் கிளார்க், லோயிஸிடம் எதையும் மறைப்பதில்லை. அவள் பேட்டி எடுக்கும்போது கோபப்படுகிறான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். இரண்டு ஆளாக இருக்க அவன் அவ்வளவு மெனக்கெடுவதில்லை. நடிப்பில் ரீவுக்கு ஈடில்லை என்பது என் கட்சி. பதினான்கு வயதாகிவிட்ட மகளுக்கு இவனைத்தான் பிடித்தது. ரீவின் கிளார்க்கைப் பற்றிக் கேட்டால், "பாவம்" என்றாள்.

வாதாடிக்கொண்டே காரை நோக்கி நடந்தபோது அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. எடுத்து, என் பாதிப் பெயரைச் சொன்னேன். மகள் பேச்சை நிறுத்திவிட்டு என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.