பயந்து வாசிப்பதா, பயமுறுத்த வாசிப்பதா

படம் திரையரங்குகளை விட்டுப் போய் வெகு நாளாகிவிட்டது. ஆனால், மூன்றாவது ரீலின் நான்காவது கியூவை, அதாவது ஒரு காட்சிக்கான இசைத் துண்டைப் பற்றி எனக்குள் நடக்கும் வாதம் மட்டும் ஓய்ந்தபாடில்லை. வில்லால் வாசிக்கும் தந்தி வாத்தியங்களில் ஆகக் கீழான குரல் கொண்ட டபுள் பேஸ் வரிசையின் முதல் கலைஞர் கேட்ட ஒரு கேள்விதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். "சார், இதை நாங்க பயந்துபோய் வாசிக்கணுமா, பயமுறுத்துற மாதிரி வாசிக்கணுமா?"

அந்தக் காட்சியில் பார்ப்பதற்கு எதுவும் நடப்பதில்லை. நாயகி அலமாரியை மூடுகிறாள், திரும்புகிறாள், நின்றுவிடுகிறாள். கேமரா அவளை விட்டு மெல்ல விலகி, ஆளில்லாத கதவருகே போய் நிற்கிறது. இறந்துபோன தங்கை அங்கே நிற்கிறாளா, அக்காவின் குற்ற உணர்ச்சி நிற்கிறதா என்பதைப் படம் கடைசி ரீல் வரை சொல்வதில்லை. இசையமைப்பாளரின் வரைவில் வயலின்கள் மிக உயரத்தில், தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்ஸ் பிடித்திருக்கும். வயோலாக்களும் செல்லோக்களும் ஒலியை அடக்கும் மியூட் மாட்டிக்கொண்டு, அரைச்சுர இடைவெளியில் ஒன்றையொன்று உரசியபடி நிற்கும். கேமரா கதவை எட்டும் பாரில் (தாளத்தின் ஒரு கட்டத்தில்), டபுள் பேஸ்கள் தங்கள் ஆகக் கீழான தந்தியில், அதாவது ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில், நுழைய வேண்டும். காகிதத்தில் இருந்தது ஒரு நீண்ட சுரமும் அதன் கீழே, ஒலி படிப்படியாகப் பெருக வேண்டும் என்று சொல்லும் ஒரு கிரெசெண்டோ குறியும் மட்டுமே. அதை வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதியவன் நான். அன்று மேடையில் நின்று நடத்தியவனும் நான்.

எழுதியிருந்தபடியே ஒரு டேக் எடுத்து முடித்த பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. அதை அநாவசியமான கேள்வி என்று ஒதுக்க முடியாது. வில்லை, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு ஒட்டி இழுத்தால் அடிச்சுரம் மெலிந்து, மேல் அதிர்வுகள் கீச்சென்று முன்னுக்கு வரும். விரல்பலகையின் மேல் இழுத்தால் அவை அடங்கி, ஒலி முகமற்றதாகிவிடும். விரலை அசைத்துச் சுரத்தை அதிரவைக்கும் வைப்ரேட்டோவை நெருக்கமாகவும் வேகமாகவும் விட்டால் நடுக்கம் கேட்கும். அறவே நிறுத்திவிட்டால் வாசிப்பது ஒரு மனிதர் என்ற அடையாளமே தேய்ந்துபோகும். சுரமும் நீளமும் மாறாமலே, ஒரு விதமாக வாசித்தால் நாயகியின் நெஞ்சு கேட்கும், இன்னொரு விதமாக வாசித்தால் கதவருகே நிற்பது கேட்கும். கிரெசெண்டோ குறி இரண்டுக்கும் இடம் கொடுத்தது.

"ரெண்டும் இல்லை. அங்கே யாராவது இருக்காங்களான்னு உங்களுக்கே தெரியாது. விரல்பலகை மேல, வைப்ரேட்டோ இல்லாம, ஒரே அளவில் வாசிங்க" என்றேன். அப்படியானால் கிரெசெண்டோ என்ன ஆவது என்றார். பென்சிலால் அடித்துவிடச் சொன்னேன். "உள்ளே ஒரு வார்த்தை கேட்டுட்டா நல்லதில்லையா, சார்?" என்று கண்ட்ரோல் ரூம் கண்ணாடியைப் பார்த்தார். அங்கே இசையமைப்பாளரும் இயக்குநரும் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். "டேக் போகட்டும், வேண்டாம்னா அவங்களே சொல்லுவாங்க" என்று ஹெட்போனில் தாளம் காட்டும் கிளிக்கை ஓடவிடச் சைகை காட்டினேன். டேக் முடிந்ததும் இயக்குநர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஓகே என்றார். இசையமைப்பாளர் அடுத்த கியூவின் தாளைப் புரட்டினார். படத்தில் இருப்பது அந்த இரண்டாவது டேக்.

நான் சொன்ன பதிலில் எனக்கு இன்றும் நம்பிக்கை உண்டு. கொலைகாரனைப் பற்றிய படத்தில் இசை முன்கூட்டியே எச்சரித்தால், கதைசொல்லி நம்மிடம் கிசுகிசுக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்; கொலைகாரன் இருக்கிறான் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அமானுஷ்யப் படத்தில் அங்கே எதுவும் இருக்கிறதா என்பதுதான் கதையே. கேமரா காலிக் கதவைக் காட்டும்போது பேஸ்கள் கீழிருந்து பெருகி எழுந்தால், பார்வையாளருக்கு விடை கிடைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு நாயகியின் மனப்பிரமை என்ற சாத்தியத்தை வசனத்தால் எவ்வளவு தூக்கி நிறுத்தினாலும் நிற்காது. அந்த ஒரு சுரத்தில் திரைக்கதையின் அச்சாணி இருந்தது. இவ்வளவையும் நான் அந்தச் சில நொடிகளில் யோசித்தேனா, பிற்பாடு வந்து சேர்ந்த காரணங்களா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இசையமைப்பாளர்கள் கூடுகிற இடங்களில் இந்தப் பேச்சு எழுந்தால் யாராவது 'சைக்கோ'வை எடுப்பார்கள். 1960இல் வந்த அந்தப் படத்தின் குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்று ஹிட்ச்காக் சொல்லியும் பெர்னார்ட் ஹெர்மன் தந்தி வாத்தியங்களுக்கு எழுதிக் காட்டினார், கேட்டதும் ஹிட்ச்காக் மனம் மாறினார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. மீறியவனுக்கு ஆறுதலான கதைதான். ஆனால் ஹெர்மன் இசையமைப்பாளர், நானோ எங்கள் இசையமைப்பாளருக்குக் கீழே வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதிய ஆர்கெஸ்ட்ரேட்டர், ஆகவே அது எனக்கு உதவாது. அந்தக் காட்சியில் என்னைக் கவர்வது வேறு. திரைச்சீலை இழுக்கப்படும் வரை இசை வாயே திறப்பதில்லை. அதற்கும் எதுவும் தெரியாது. சரி, என் கட்சி வென்றது என்று நினைத்தால், அதே படத்தில் தலைப்பு ஓடும்போது வரும் பரபரப்பான இசையே பணத்தோடு கார் ஓட்டிப்போகும் பெண்ணின் மேலும் திரும்ப ஒலிக்கிறது. ஒன்றும் நடக்காத சாலையில் அந்த இசைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஒரே மனிதர், ஒரே படம், இரண்டு நிலைப்பாடுகள். இரண்டும் சரியாக இருக்கின்றன.

எங்கள் இயக்குநர் எடிட்டிங்கின்போது அந்த இடத்தில் தற்காலிகமாக ஒட்டியிருந்தது 1960களின் நவீனக் கச்சேரி இசை ஒன்று. திகில் படங்களுக்கு அது பழைய பழக்கம். போலந்து இசையமைப்பாளர் பென்டரெட்ஸ்கி 1961இல் 48 தந்தி வாத்தியங்களுக்கு எழுதிய 'பாலிமார்ஃபியா', 'தி எக்ஸார்சிஸ்ட்' (1973), 'தி ஷைனிங்' (1980) இரண்டிலும் ஒலிக்கிறது. எந்தப் பேயையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டதில்லை அது. போதாக்குறைக்கு, தெளிந்த சி மேஜர் கார்டில் நிம்மதியாக முடியவும் செய்கிறது. படத்தைப் பற்றி எதுவும் தெரியாததனால்தான் அது அவ்வளவு நடுங்க வைக்கிறது என்று எனக்குள் வெகுகாலம் வாதாடியிருக்கிறேன். ஆனால் அதை எந்த ஃபிரேமில் தொடங்குவது என்று முடிவு செய்தவருக்குக் கதை முழுக்கத் தெரியும். எங்கள் பேஸ்களும் அப்படித்தான்: எவ்வளவு முகமற்று வாசித்தாலும், கேமரா கதவை எட்டும் அதே பாரில்தான் நுழைந்தன. வாசிப்பிலிருந்து நான் நீக்கிய அறிவு, நுழைகிற இடத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. உண்மையிலேயே இசைக்கு ஒன்றும் தெரியக்கூடாது என்று நான் நம்பியிருந்தால் அந்த வரியையே வாசிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்கு எனக்கு உரிமை இல்லை என்று அப்போதே தோன்றியது. கிரெசெண்டோவை அடிப்பதற்கு மட்டும் உரிமை இருப்பதாக எப்படித் தோன்றியது?

வாத்தியக்காரரின் கேள்விக்கு உடனே பதில் சொல்வது நடத்துகிறவனின் கடமை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒவ்வொன்றுக்கும் கண்ணாடிக்குள் ஓடினால் வரிசைகளுக்கு நம்மேல் உள்ள பிடிப்பு தளர்ந்துவிடும்; அரங்கின் நேரமும் கரையும். அந்த மூத்த கலைஞரே கேட்டுவிடலாமே என்று சொன்னபோது என்னைக் காப்பாற்றப் பார்த்தாரா, இசையமைப்பாளரைக் காப்பாற்றப் பார்த்தாரா என்பதும் விளங்கவில்லை.

பிறகு வெளியான இசைத் தொகுப்பில் இசையமைப்பாளர் சேர்த்திருந்தது முதல் டேக், கிரெசெண்டோவோடு. வேறு வேலையாகச் சந்தித்தபோது ஏன் என்று கேட்டேன். "அதுல படம் இல்லையே, ஏதாவது நடக்க வேண்டாமா?" என்றார். நியாயமான பதில். அதைத் திருப்பிப் பிடித்தால், படத்தோடு சேரும்போது எதுவும் நடக்க வேண்டாம் என்று அவரும் நினைத்தார் என்றாகிறது. அப்படி நினைத்தவர் படத்துக்கான வரைவில் ஏன் அந்தக் குறியைப் போட்டார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அடுத்த படத்துக்கு அவர் அனுப்பிய வரைவுகளில், வில் தந்தியின் எந்த இடத்தில் பட வேண்டும், வைப்ரேட்டோ வேண்டுமா வேண்டாமா என்பது வரை ஒவ்வொரு வரியின் கீழும் எழுதியிருக்கிறது. அந்தக் கேள்வி அவருக்கும் உறைத்திருக்கிறது என்று ஒரு நாள் மகிழ்கிறேன்; எனக்குப் போட்ட வேலி என்று மறுநாள் நினைக்கிறேன். இப்போதைக்கு அவர் எழுதியிருக்கிறபடியே பிரித்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.