தூக்கிய வண்டிக்கு டயர் தேர்வு: அளந்து, சோதித்து, முடிவுக்கு வந்த வரிசை

கரடுமுரடான பாதையில் ஓட்டும் நான்கு சக்கர இயக்க வண்டியை 2 அங்குலம் தூக்கியாயிற்று (இதைத்தான் லிஃப்ட் என்பார்கள்), இனி 33 அங்குல டயர் தாராளமாகப் போகும் என்றுதான் பெரும்பாலும் கணக்குப் போடுகிறார்கள். நிற்கிற வண்டிக்கு அந்தக் கணக்கு சரி. ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கி, எதிர்ச் சக்கரம் மேலே அமுங்கும்போது அது பலிக்காது. ஸ்பிரிங் உயர்ந்ததால் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இடைவெளி அதிகமாகத் தெரிகிறது. ஆனால் சக்கரம் மேலேறிக் கடைசியாக எங்கே நிற்கும் என்பதை முடிவு செய்வது பம்ப் ஸ்டாப், அதாவது அச்சு மேலேறி முட்டி நிற்கும் ரப்பர் தடை. அதன் நீளத்தைக் கூட்டாமல் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றியிருந்தால், முழுதாக அமுங்கிய டயர் போய் நிற்கும் இடம் லிஃப்டுக்கு முன்பு இருந்த அதே இடம்தான். பாடி லிஃப்ட் கதை வேறு. அதில் பாடியே சேஸிஸை விட்டு உயர்வதால் மட்கார்டும் கூடவே மேலே போய்விடும்.

கீழே உள்ள எண்கள் எல்லாம் 245/75ஆர்16 டயரோடு வந்து, ஸ்பிரிங்கில் 2 அங்குலம் உயர்த்தப்பட்ட வண்டிக்கானவை. முன் அச்சு ஒரே தண்டாக இருக்கும் வகை. டயர் அளவில் முதல் எண் மி.மீ.-ல் அகலம், இரண்டாவது சதவீதம், கடைசி எண் அங்குலத்தில் ரிம் விட்டம். எந்த அளவுக்கும் கணக்கு முறை ஒன்றேதான்: அகலத்தைச் சதவீதத்தால் பெருக்கினால் சைட்வால் (பக்கச்சுவர்) உயரம், அதை இரட்டித்து ரிம் விட்டத்தை மி.மீ.-ஆக மாற்றிக் கூட்டினால் டயரின் விட்டம். 245-க்கு 774 மி.மீ., 265/75ஆர்16-க்கு 804, 285/75ஆர்16-க்கு 834. கடைசியில் சொன்னதைத்தான் பேச்சுவழக்கில் 33 என்கிறார்கள். டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவே தொங்கும் பல்சக்கரப் பெட்டி) தரையிலிருந்து உயர்வது இந்த வித்தியாசத்தில் பாதி மட்டுமே: 265-க்கு 15 மி.மீ., 285-க்கு 30 மி.மீ. ஒரே தண்டு அச்சுள்ள வண்டியில் லிஃப்ட் எவ்வளவு போட்டாலும் டிஃபரன்ஷியல் ஒரு மில்லிமீட்டர்கூட ஏறாது. டயர்தான் ஏற்றும். பெரிய டயருக்கு ஆசைப்படுவதில் உள்ள உண்மையான நியாயம் இதுதான்.

இனிச் சோதனை. முன்பக்கச் சேஸிஸை ஜாக் ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, ஷாக் அப்சார்பரைக் கழற்றி, இரண்டு காயில் ஸ்பிரிங்குகளையும் எடுத்துவிட வேண்டும். பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. பிறகு அச்சின் ஒரு முனைக்குக் கீழே ஜாக்கி வைத்து, பம்ப் ஸ்டாப் தொடும் வரை ஏற்றுங்கள். அந்த நிலையில் ஸ்டீயரிங்கை இடது கடைசி வரைக்கும் வலது கடைசி வரைக்கும் திருப்பிப் பாருங்கள். அடுத்து மறுமுனை. கடைசியாக இரண்டு முனையும் சேர்த்து.

வாங்க நினைக்கும் அளவில் ஒரு டயர் இரவல் கிடைத்தால் ரொம்ப நல்லது. அதன் ஓரப் பட்டன்களில் (தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடுகளில்) சாக்பீஸை அழுத்தித் தேய்த்துவிட்டால், எங்கே உரசினாலும் வெள்ளைக் கோடு விழுந்துவிடும். மட்கார்டின் உள் பிளாஸ்டிக், பின்பக்கம் தகடு மடித்து வெல்டிங் போட்ட விளிம்பு, பம்பர் ஓரம், ஸ்டெபிலைசர் பார், சேஸிஸ் பக்கவாட்டு என்று ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக்கில் விழுந்த கோட்டைச் சூடுகாற்றுத் துப்பாக்கியால் இளக்கி உள்ளே அழுத்திச் சரிசெய்துவிடலாம். வெல்டிங் விளிம்பில் விழுந்த கோட்டை அப்படி விடக்கூடாது. அது டயரைக் கத்தி மாதிரி சீவும்.

இரவல் டயர் கிடைக்காவிட்டால் பழைய டயரோடு அளக்கலாம். 285-க்குப் போனால் ஆரம் 30 மி.மீ. கூடும், அகலம் இருபுறமும் 20 மி.மீ. கூடும். டயரின் நெளிவுக்கும் அப்பிக்கொள்ளும் சேற்றுக்கும் இன்னொரு 10 மி.மீ. சேருங்கள். ஆக 40 மி.மீ. கனமுள்ள கட்டையொன்றைப் பட்டனுக்கும் மட்கார்டுக்கும் நடுவே சுற்றிலும் நுழைத்துப் பாருங்கள். கட்டை புகாத இடத்தில் டயரும் புகாது. பக்கவாட்டுக்கு 30 மி.மீ. கட்டை போதும்.

இந்த உயரத்தில் 285 பெரும்பாலும் இரண்டு இடங்களில் மாட்டிக்கொள்ளும்: முழுதாகத் திருப்பும்போது சேஸிஸில், அமுங்கித் திரும்பும்போது மட்கார்டின் பின் விளிம்பில். பம்ப் ஸ்டாப்பை நீட்டினால் மேலே உரசுவது நிற்கும். ஆனால் அந்த அளவுக்கு சஸ்பென்ஷன் அமுங்கும் தூரம் குறைந்துபோகும். லிஃப்ட் போட்டு வாங்கியதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்த மாதிரி.

சேஸிஸில் உரசுவதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து, ஆஃப்செட் குறைந்த ரிம். ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது அச்சில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம்; அது குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். 7 அங்குல அகலம், +30 ஆஃப்செட் உள்ள ரிம்மை எடுத்துவிட்டு 8 அங்குலம், 0 ஆஃப்செட் போட்டால் ரிம்மின் உள் விளிம்பு 17 மி.மீ. விலகும். சேஸிஸ் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் வெளி விளிம்பு 43 மி.மீ. தள்ளிப்போகிறது. திரும்பும்போது டயர் இன்னும் பெரிய வட்டம் போடுவதால், முன்பு தொடாத பம்பர் மூலையையும் மட்கார்டின் பின்பக்கத்தையும் இப்போது தொடும். கல்லில் ஏறினால் ஸ்டீயரிங் கையை வெட்டி இழுக்கும், வீல் பேரிங் சீக்கிரம் போகும். டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பல இடங்களில் சட்டச் சிக்கலும் உண்டு. அதனால் ஆஃப்செட்டைத் தேவைக்கு மேல் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறைக்காதீர்கள். ரிம் அகலமும் பொருந்தியாக வேண்டும்: 285/75ஆர்16-க்குக் குறைந்தது 7.5 அங்குல ரிம் வேண்டும். 265/75ஆர்16 பழைய 7 அங்குல ரிம்மிலேயே உட்காரும்.

எடையை யாரும் போதிய அளவுக்குப் பேசுவதில்லை. அளவு கூடி, பிளையும் (டயருக்குள் இருக்கும் அடுக்கு) கூடினால் ஒவ்வொரு சக்கரத்திலும் பல கிலோ ஏறும். அதுவும் அச்சிலிருந்து தள்ளி, ஓரத்தில் சுழலும் எடை. வண்டி மந்தமாகப் புறப்படும், பிரேக் பிடித்தால் தள்ளி நிற்கும், பால் ஜாயின்டும் டை ராட் முனையும் சீக்கிரம் தேயும். கியரிலும் அடி விழும்: 834-ஐ 774-ஆல் வகுத்தால் 1.077. 4.10 கிரவுன் பினியன் (அச்சில் உள்ள பல்சக்கர விகிதம்) இப்போது 3.8 போல நடந்துகொள்ளும். ஏற்றத்தில் கிளட்ச் வாசனை வருவது இதனால்தான். மீட்டர் 100 காட்டும்போது உண்மையில் ஓடுவது கிட்டத்தட்ட 108. 265-க்கு இதே கணக்கு 104-ல் நின்றுவிடும். மீட்டரை மட்டும் திருத்தினால் போதும், கிரவுன் பினியனைத் தொட வேண்டியதில்லை.

ஆகவே 2 அங்குல லிஃப்ட், பழைய ரிம், பழைய கியர் என்றால் என் தேர்வு 265/75ஆர்16. 285 வேண்டும் என்பவர்கள் ரிம், பம்ப் ஸ்டாப், மட்கார்டு வெட்டு, கியர் எல்லாவற்றையும் ஒரே வேலையாகத் திட்டமிட்டு இறங்குங்கள். டயரை முதலில் மாட்டிவிட்டு ஒவ்வொன்றாகத் துரத்தினால் இரட்டைச் செலவு.

பட்டன் வகையில் குழப்பம் வேண்டாம். சேறும் களிமண்ணும் வாராவாரம் என்றால் எம்டி (மட் டெரெய்ன், சேற்றுக்கானது). மற்றபடி ஏடி (ஆல் டெரெய்ன், எல்லாத் தரைக்குமானது) போதும். எம்டியின் பெரிய கட்டைகள் சேற்றை உதறித் தள்ளும், ஆனால் ஈரத் தார்ச்சாலையில் நிறுத்தும் தூரம் கூடும், இரைச்சலும் வரும். பனியில் ஓட்டுபவர்கள் சைட்வாலில் மூன்று சிகர மலைக்குள் பனிச்செதில் போட்ட முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

லோட் ரேஞ்சில்தான், அதாவது டயரின் சுமை தாங்கும் தரத்தில்தான், பலர் தவறுகிறார்கள். 265/75ஆர்16 எல்டி (லைட் டிரக்) டயர் சி ரேஞ்சில் 112 லோட் இண்டெக்ஸோடு கிடைக்கும், அதாவது டயருக்கு 1120 கிலோ. ஈ ரேஞ்சில் 123, அதாவது 1550 கிலோ. கனமானதுதான் உறுதி என்று ஈ-யை வாங்கி இலகுவான வண்டியில் போட்டால் காற்றைக் குறைத்தாலும் சைட்வால் வளையாது, ஒவ்வொரு கல்லும் முதுகில் இறங்கும். முழுச் சுமையோடு வண்டியை எடைபோட்டு, கனமான அச்சின் எடையில் பாதியை எடுத்து, அதற்கு மேல் நல்ல இடைவெளி இருக்கும் ரேஞ்சை வாங்குங்கள். வாங்கும்போது சைட்வாலில் உள்ள டாட் (DOT) குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தையும் பாருங்கள்: 3524 என்றால் 2024-ன் 35-வது வாரம். ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து டயரிலும் பார்க்க வேண்டும்.

மாட்டியதும் அலைன்மென்ட் கட்டாயம். லிஃப்டால் காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வு) குறைந்திருந்தால் நெடுஞ்சாலையில் வண்டி அலையும். பெரிய டயர் அதை இன்னும் கூட்டிக் காட்டும். கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள காற்றளவு பழைய டயருக்கானது, எல்டி டயருக்கு அதே சுமைக்குக் கூடுதல் காற்று வேண்டும். சரியான அளவைப் பிடிக்க அதே சாக்பீஸ் உதவும்: பட்டனின் குறுக்கே தடிமனாக ஒரு கோடு போட்டு, சமதளத்தில் நேராகச் சில நூறு மீட்டர் ஓட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. 2 பிஎஸ்ஐ கூட்டிக் குறைத்து, கோடு முழுதும் ஒன்றுபோல் அழியும் வரை செய்யுங்கள். மணலில் 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை இறக்கலாம். பீட்லாக் (டயர் விளிம்பை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் வளையம்) இல்லாத ரிம்மில் 12-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். தார்ச்சாலைக்கு ஏறுமுன் கம்ப்ரஸரால் மறுபடி நிரப்பியாக வேண்டும்.

ஸ்டெப்னி அதே அளவாக இருக்க வேண்டும். விட்டம் வேறாக உள்ள சக்கரத்தை மாட்டிக்கொண்டு கெட்டியான சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இயக்கத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) முறுக்கிக்கொண்டு உடையலாம். பின்கதவில் தொங்கும் வகையென்றால் கீல்களும் தாங்கியும் புது எடையைச் சுமக்குமா என்று பாருங்கள். வண்டிக்கு அடியில் மாட்டும் வகையென்றால் புது விட்டத்துக்கு அங்கே இடம் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். ஐந்தையும் 8,000 கி.மீ.க்கு ஒருமுறை இடம் மாற்றினால் ஒரே சீராகத் தேயும். புது ரிம் போட்டிருந்தால் 80 முதல் 100 கி.மீ. ஓடியதும் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குங்கள். பெயின்ட் அமுங்கி நட்டு தளர்வது அந்த முதல் ஓட்டத்தில்தான்.